நடுத்தெருக் கடல்

நரிமடுக்காரர் மூன்று பேர் கொழும்பு பார்க்கப் போனார்கள். ஊர்க் குளத்தைத் தவிர வேறு தண்ணீர் கண்டறியாத ஆட்கள். ஆனால் 'தெரியாது' என்று ஒரு சொல் வாயிலிருந்து வரவேண்டுமே, வராது! தலைவர் இளையதம்பி; கூடப் போனவர்கள் கதிரமலையும் நாகமணியும். மறுநாள் காலை இளையதம்பியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "பொழுதுபடப் புறப்படுற ரயிலைத் தவறவிட்டியளோ, வீட்டுப் படலை உங்களுக்குத் திறவாது," என்று மனைவி தெய்வானை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

கோட்டைப் பகுதியில், நடுத்தெருவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வேன்காரர் ஜுனைத் அவர்களை இறக்கினார். "இது அந்தக் காலத்துல வெளிச்சவீடு. கப்பலுக்கு வழி காட்டினது. பாத்துட்டுக் கடந்து வாங்க, வேன் அந்தப் பக்கம் நிக்கும். நேரா ஸ்டேஷன்தான்."

அவர் போனதும் கதிரமலை மெல்லக் கேட்டார். "வெளிச்சவீடு எங்கை நிக்கும்?"

"கடலோரம்," என்றார் நாகமணி.

"அப்ப இதைச் சுத்தி ஓடுறது?"

மூவரும் தெருவைப் பார்த்தார்கள். பஸ்ஸும் லொறியும் இரைந்துகொண்டு போயின.

"ஐயோ, கடல்!" என்றார் இளையதம்பி. "அதுதானே பார்த்தன், இந்த இரைச்சல்!"

வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நாகமணி ஒரு காலை இறக்கினார். ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போனது. "அலை பெரிசு," என்று காலை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வத்தட்டும்," என்றார் கதிரமலை.

எங்கே வற்றுகிறது! பொழுது சாய்ந்தது. அந்தப் பக்கம் நின்று ஜுனைத் கையை ஆட்டிக் கத்தினார். "பாவம், அந்தாளும் அக்கரையிலை நிண்டு தவிக்குது," என்றார் நாகமணி. இளையதம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு பொலிஸ்காரர் நடுவில் வந்து கையை உயர்த்தினார். கடல் அப்படியே நின்றது. நின்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே! மூவரும் மூச்சை அடக்கி, இரு கையாலும் நீந்தி நீந்தி அக்கரை சேர்ந்தார்கள். வேன் தெருவில் இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ரயில் புறப்படப் புறப்பட ஓடி ஏறினார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பன் சபாபதியார் மகனோடு வந்து உட்கார்ந்ததும், "கொழும்பு எப்பிடி?" என்றார். இளையதம்பி நீந்திய கதையை ஒன்று விடாமல் சொன்னார். கதவுக்குப் பின்னால் தெய்வானை தலையில் கையை வைத்தாள். சம்பந்தம் போச்சு!

சபாபதியார் இளையதம்பியின் பக்கம் சாய்ந்தார்.

"கரையேறினதும் தலை துவட்டினியளோ?"

"ஓம், நல்லாத் துவட்டினன்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "விவரமான மனுசன், தம்பி. போன மாசம் நான் துவாய் இல்லாமல் அதே கடலிலை இறங்கி, இன்னும் தும்மலும் தடிமனும் விடேல்லை. கலியாணத்துக்கு நாளைக் குறிப்பம்!"