முதலில் காப்பி, அப்புறம் பேஸ்ட்

குண்டலப்பட்டுக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏகப்பட்டது இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவு செய்யாததால் வைத்தது வைத்தபடி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர் நலச் சங்கம் ஒரு தை மாதம் ஏழு ஜோடிகளுக்கு இலவசக் கல்யாணம் செய்து வைப்பதென்று முடிவெடுத்தது. சங்கம் என்றால் மூன்று பேர். தலைவர் ஏகாம்பரம், எதைச் சொன்னாலும் எழுந்து நின்று சொல்வார். செயலாளர் தணிகாசலம், தலைவர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். பொருளாளர் வேதவல்லி, இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "அதுல ஒரு சந்தேகம்" என்பார். என்ன சந்தேகம் என்று அவருக்கும் தெரியாது.

பெண்களின் பெயர்களை வேதவல்லி சங்கத்துக் கம்ப்யூட்டரில், கட்டம் போட்ட ஒரு ஷீட்டில் வரிசையாக அடித்து வைத்திருந்தார். மாப்பிள்ளைகளின் பெயர்களைத் தணிகாசலம் இன்னொரு ஷீட்டில் அடித்திருந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்தால் யாருக்கு யார் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் மேடையில் உட்காரவைக்க வேண்டும். குருக்களும் அதைப் பார்த்துத்தான் மைக்கில் பெயர் வாசிப்பார்.

"ஏழு பேருதானே? திரும்ப அடிச்சிட்டா போச்சு" என்றார் வேதவல்லி.

ஏகாம்பரம் எழுந்து நின்றார். "அடிச்சதையே திரும்ப அடிக்கறதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? நான் சம்பத்துக்குப் போன் போடறேன்."

சம்பத் அவருடைய மருமகன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவன். மாமனார் என்பதால் குரலை உயர்த்த முடியாது. அந்த ஒரு குறையைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு குறை கிடையாது.

"ரொம்ப சிம்பிள் மாமா" என்றான். "முதல்ல காப்பி. அப்புறம் பேஸ்ட். அவ்ளோதான். மீட்டிங்ல இருக்கேன், வெச்சுடட்டுமா?"

ஏகாம்பரம் போனை மேஜைமேல் வைத்துவிட்டு விஷயத்தைச் சபையில் வைத்தார்.

"முதல்ல காப்பியாம். அப்புறம் பேஸ்டாம்."

"முதல்ல காப்பி! அப்புறம் பேஸ்ட்!" என்றார் தணிகாசலம்.

"அதுல ஒரு சந்தேகம்" என்றார் வேதவல்லி. இந்த முறை நிஜமாகவே சந்தேகம் இருந்தது. "எங்க வீட்ல பேஸ்ட் போட்டுப் பல்லு விளக்கிட்டுத்தான் காப்பி. பல்லு விளக்காம காப்பி குடிக்கறதை நான் பொறந்தவீட்லயும் பார்த்ததில்ல, புகுந்தவீட்லயும் பார்த்ததில்ல."

ஏகாம்பரத்தின் முகம் வாடியது. அந்தக் குடும்பத்தில்தான் அவர் பெண்ணைக் கொடுத்திருந்தார். "பட்டணத்துல அப்படித்தான் போலிருக்கு" என்றார் மெதுவாக. "நமக்கு வேலை ஆகணும்."

காப்பி வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். தணிகாசலம் கடைக்குப் போய்ப் பேஸ்ட் வாங்கிவந்தார். சங்கக் கட்டடத்துக் குழாயடியில் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் மூவரும் வரிசையாக நின்று பல் விளக்கினார்கள். பஸ்ஸில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆச்சு மாப்ள" என்று போன் செய்தார் ஏகாம்பரம்.

"வந்துச்சா மாமா?"

"நல்லா நுரை வந்துச்சு."

சம்பத் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து, கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "மாமா, மாப்பிள்ளைங்க பேரு இருக்கற கட்டத்தையெல்லாம் மௌஸால தேர்ந்தெடுங்க. கீபோர்டுல கண்ட்ரோல்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிப் புடிச்சுக்குங்க. விடாதீங்க. அப்படியே சி-யைத் தட்டுங்க."

ஏகாம்பரம் கண்ட்ரோலை அமுக்கினார். சி-யைத் தட்டும் பொறுப்பு தணிகாசலத்துக்கு. தட்டினார். மறுகணம் பெயர்களைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு தோன்றி, விளிம்பு முழுக்க ஊர ஆரம்பித்தது.

"ஐயோ, எறும்பு!" என்றார் வேதவல்லி.

"மாப்பிள்ளைங்களை எறும்பு மொய்க்குது!" என்றார் தணிகாசலம்.

தணிகாசலம் திரையைத் துண்டால் தட்டினார். எறும்பு போகவில்லை. ஊதிப் பார்த்தார், போகவில்லை. வேதவல்லி வீட்டுக்கு ஓடி எறும்புச் சாக்பீஸ் கொண்டுவந்து திரையைச் சுற்றிக் கோடு போட்டார். எறும்பு உள்ளேதான் இருந்தது. இப்போது அது வெளியே போக வழியும் இல்லாமல் போய்விட்டது என்று தணிகாசலம் வருத்தப்பட்டார்.

"சர்க்கரை யாரு கொட்டினது?" என்றார் ஏகாம்பரம்.

"காப்பில நீங்கதான் மூணு கரண்டி கேட்டீங்க" என்றார் வேதவல்லி.

ஏகாம்பரம் இன்னொரு கையால் போனை எடுத்தார். கண்ட்ரோலை அமுக்கிய கை அப்படியே இருந்தது. விடாதீங்க என்றுதான் உத்தரவு. விடச் சொல்லி உத்தரவு வரவில்லை.

"மாப்ள, எறும்பு ஊருது. என்ன பண்றது?"

அதற்குள் சம்பத்தை மறுபடி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "அது ஒண்ணும் பண்ணாது மாமா. பிடிக்கலன்னா எஸ்கேப் அடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"என்ன சொல்றாரு?"

"எஸ்கேப் ஆகச் சொல்றாரு!"

அவ்வளவு படித்த பிள்ளையே ஓடச் சொல்கிறான் என்றால் அது சாதாரண எறும்பாக இருக்காது. மூவரும் ஓடினார்கள். தணிகாசலம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஏகாம்பரம் கண்ட்ரோலை விடாததால் கீபோர்டும் கூடவே வந்தது, வால்போல வயரை இழுத்துக்கொண்டு. ஏரிக்கரை போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கியபோதும் அவர் விரல் அந்தப் பட்டன்மேல்தான் இருந்தது.

ஆபத்து அடங்கிய மாதிரி தெரிந்தபின் திரும்பிவந்தார்கள். கீபோர்டைச் செருகினார்கள். மறுபடி சம்பத், மறுபடி கண்ட்ரோல், மறுபடி எறும்பு. இம்முறை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. "இப்ப பொண்ணுங்க ஷீட்டுக்குப் போங்க. கண்ட்ரோலும் வி-யும் அமுக்குங்க" என்றான் சம்பத். எந்தக் கட்டத்தில் நின்று அமுக்குவது என்று அவன் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

அமுக்கினார்கள். பெண்கள் இருந்த இடத்தில் எல்லாம் மாப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒருவரும் இல்லை.

வேதவல்லி மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். "என் பொண்ணுங்க எங்க? ஏழு பேரையும் காணோமே! வயசுப் பொண்ணுங்கய்யா!"

தணிகாசலம் உடனே சைக்கிளை எடுத்தார். செயலாளர் என்றால் செயல்பட வேண்டும். ஏழு வீட்டுக்கும் போய் வாசலில் நின்று, "உங்க பொண்ணு வீட்ல இருக்குதா? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். எல்லாப் பெண்களும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு ஏழு வீட்டிலும் கதவைப் பூட்டிப் பெண்ணை உள்ளே வைத்தார்கள். ஏழு பேரும் ஒரே பையனோடு ஓடப் பார்த்தார்கள் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பையன் யார் என்று தெரிந்துகொள்ள ஆண்கள் எல்லாரும் ஆசைப்பட்டார்கள்.

"கண்ட்ரோல் இசட் மாமா" என்றான் சம்பத். "தப்பா எடுத்துக்காதீங்க, கண்ட்ரோல் இசட்."

பெண்கள் திரும்பி வந்தார்கள். வேதவல்லி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைசி முயற்சியில் மாப்பிள்ளைகள் பெண்களுக்குப் பக்கத்துக் கட்டங்களில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு வரிசை கீழே தள்ளி. தணிகாசலம் தன் ஷீட்டில் முதல் கட்டத்தில் 'மாப்பிள்ளை பெயர்' என்று தலைப்பு போட்டிருந்தார், அது போய் முதல் பெண் பூங்கோதைக்குப் பக்கத்தில் நின்றது. பூங்கோதைக்கு நிச்சயித்த லோகநாதன் இரண்டாவது பெண் சகுந்தலாவிடம் போனான். அப்படியே ஆளாளுக்கு ஒரு படி இறங்க, கடைசி மாப்பிள்ளை டில்லிபாபுவுக்கு எதிரே வெறும் கட்டம்.

"அதுல ஒரு சந்தேகம்" என்றார் வேதவல்லி.

"கம்ப்யூட்டரே சேத்து வெச்சிருக்குது. நாம யாரும்மா பிரிக்கறதுக்கு?" என்றார் ஏகாம்பரம். பிரின்ட் எடுத்துவிட்டார்கள்.

முகூர்த்த நாள். கோயில் மண்டபம் நிறையக் கூட்டம். சங்கத்தார் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து மேடையில் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். நாதஸ்வரக்காரர் ஊதி முடித்தார். குருக்களுக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு கல்யாணம் இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"சௌபாக்கியவதி பூங்கோதை. சிரஞ்சீவி மாப்பிள்ளை பெயர்."

"வேற மதமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சௌபாக்கியவதி சகுந்தலா. சிரஞ்சீவி லோகநாதன்."

பூங்கோதை மாலையோடு எழுந்தாள். "யோவ் தலைவரே! இந்த லோகுவுக்காக எங்கப்பன்கிட்ட ரெண்டு வருஷம் சண்டை போட்டிருக்கேன். அவனைக் கொண்டுபோய் அங்க உக்காரவெச்சா என்ன அர்த்தம்? எனக்குப் பக்கத்துல யாரு, பலகையா?"

லோகநாதன் எழப் பார்த்தான். சகுந்தலாவின் அண்ணன் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான். சகுந்தலாவுக்கு நிச்சயித்தவன் மூன்றாவது பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து கத்தினான். டில்லிபாபு தன் பக்கத்தில் இருந்த காலி மணையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். மேளக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளம் கொட்டினார்கள்.

"முகூர்த்தம் போறது" என்றார் குருக்கள்.

ஏகாம்பரம் யோசித்தார். எழுந்து நிற்க வேண்டியிருந்தது, ஆனால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். "சிக்கல் ஒண்ணும் இல்ல. ஒரு இடம் தள்ளிப் போயிருக்குது. எல்லாரும் ஒரு இடம் தள்ளி உக்காருங்க!"

"எல்லாரும் ஒரு இடம் தள்ளி உக்காருங்க!" என்றார் தணிகாசலம்.

எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். பெண்ணும் தள்ளினாள், மாப்பிள்ளையும் தள்ளினான். யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களே இருந்தார்கள். ஏற்கெனவே ஓரத்தில் இருந்த டில்லிபாபு மட்டும் மேடையிலிருந்து கீழே விழுந்து ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை தள்ளுங்க" என்றார் ஏகாம்பரம். அடுத்த ஆளும் விழுந்தான்.

வேறு வழியில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே சம்பத்துக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "மாப்பிள்ளைங்களை மொத்தமா கட் பண்ணுங்க மாமா. கட் பண்ணி ஒரு வரிசை மேல ஒட்டிடுங்க."

ஏகாம்பரம் மைக்கில் அறிவித்தார். "மாப்பிள்ளைங்க எல்லாரையும் கட் பண்ணிட்டு அப்புறம் ஒட்டணுமாம். யாரும் பயப்பட வேணாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தணிகாசலம் சமையல்கட்டிலிருந்து பூசணிக்காய் வெட்டும் அரிவாளோடு வந்து நின்றார். செயல்படுவதற்குத்தான்.

ஏழு மாப்பிள்ளைகளும் எழுந்து ஓடினார்கள். ஒருவன் பந்தல் காலைக் கட்டிக்கொண்டான். ஒருவன் குருக்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். லோகநாதன் மண்டபத்து வாசலைத் தாண்டும்போது பூங்கோதை பாய்ந்து அவன் அங்கவஸ்திரத்தைப் பிடித்தாள். "எங்கடா ஓடற? ரெண்டு வருஷம்டா!" அவளைப் பார்த்து மற்ற பெண்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஆளுக்கொருவராக அவரவர் மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து, தரதரவென்று இழுத்துவந்து, கிடைத்த இடத்தில் உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எந்தப் பெண்ணும் ஆள் மாற்றிப் பிடிக்கவில்லை. குருக்கள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, பெயரே கேட்காமல் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுத்தார். ஏழு தாலியும் நல்ல நேரம் முடிவதற்குள் ஏறிவிட்டன. தணிகாசலம் பூசணிக்காயை வெட்டப் போனார்.

சாப்பாடு முடிந்து, சங்கத்தார் பெருமையோடு கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார்கள். வேதவல்லி ஏழு மாப்பிள்ளைகளின் பெயரையும் சரியான இடத்தில் கையாலேயே அடித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏகாம்பரம் மருமகனுக்கு நல்ல செய்தி சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றான் சம்பத். நிஜமாகவே சந்தோஷப்பட்டான், இனி போன் வராதே. "மறக்காம சேவ் பண்ணிடுங்க. பண்ணலைன்னா நீங்க செஞ்சதெல்லாம் போயிடும்."

"எல்லாமேவா மாப்ள? ஏழும் போயிடுமா?"

"எல்லாமே போயிடும் மாமா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமனாரை நேரில் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று சம்பத் குண்டலப்பட்டில் பஸ் இறங்கினான். சங்கக் கட்டடத்து வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மேலுதடு மொழுமொழுவென்று இருந்ததால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஒருவர் மாமனார் என்று தெரிந்தது.

"ஏழு குடும்பமாச்சே மாப்ள, மீசையைப் பாத்தா முடியுமா?" என்றார் ஏகாம்பரம். "நீங்க சொன்ன உடனே நானும் செயலாளரும் சேவ் பண்ணிட்டோம். வேதவல்லிம்மா விஷயத்துலதான் ராத்திரி பூரா விவாதம்."

உள்ளே நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியும் முகம் நிறையச் சோப்பு நுரையுமாக, சலூன்காரர் கையிலிருந்த கத்தியையே பார்த்தபடி ஒரு மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேதவல்லியின் வீட்டுக்காரர்.

"மகளிர் சார்பா" என்றார் தணிகாசலம்.