திருடன் கேட்ட முதல் கேள்வி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற செல்லுக்கெல்லாம் வாய் இருந்தது. புரதங்கள் அக்கம்பக்கத்தாரைப் போலப் பேசித் திரிந்தன. மூக்கோரத்துச் செல் ஒன்றின் நடுவே உட்கரு என்றொரு அறை. செல்லின் உயிரே அங்கே சுருண்டு கிடந்த மரபு நூலில்தான் இருந்தது. அதைக் காத்த புரதங்களுக்குத் தலைவி சடைச்சி. காவலர்கள் அத்தனை பேரும் ஒரே மூலையில் கும்பலாகக் கிடப்பார்கள். என்ன சொகுசு பாருங்கள்.

பக்கத்துச் செல்லிலும் அதே கதைதான். முந்தின நாள் அது வெடித்துச் சிதறியது. வைரஸ் புகுந்து தன் நூலை அங்கே பெருக்கிவிட்டதாம். அங்கே காவல் இருந்தவள் சடைச்சியின் தங்கை. பாவம், அழுது முடிக்கக்கூட இவளுக்கு நேரமில்லை.

அடுத்த வைரஸ் இந்தச் செல்லுக்கே வந்தது. அதன் புரதம் ஒண்டி என்பவன், வைரஸ் நூலை முதுகில் மறைத்துக்கொண்டு, உள்ளூர்ப் புரதங்கள் இடுப்பில் கட்டும் முடிச்சை அப்படியே கட்டியிருந்தான். முடிச்சைப் பார்த்த வாயிற்காவலன் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டான்.

“கும்பிடுறேன் அக்கா, ஊருக்குப் புதுசு,” என்றான் ஒண்டி.

“வா தம்பி. உனக்கு என்ன வேலை?” என்றாள் சடைச்சி.

“அது கிடக்கட்டும். இங்கே காவலுக்கு இருக்கிறவங்க எங்கே இருப்பாங்க?”

சடைச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வேலைக்கு வந்தவன் வேலையைத்தானே கேட்பான்? தங்கையிடமும் ஒருத்தன் இப்படித்தான் கேட்டிருப்பான். அந்த வெள்ளந்தியும் மூலையைக் கைகாட்டியிருப்பாள். அவன் அத்தனை காவலர்களையும் ஒரே பாய்ச்சலில் கலைத்திருப்பான்.

“உக்காரு, அவங்களைக் கூட்டிட்டு வரேன்,” என்றவள் நேரே மூலைக்குப் போனாள். “எழுந்திருங்க. கைப்பிடி கைப்பிடியாப் பிரிஞ்சு அறை முழுக்க உட்காருங்க. நம்மளைத் தேடி வர்றவன்தான் திருடன். வந்தா விடாதீங்க.”

ஒண்டிக்குப் பொறுமை ஏது? நூலை இறக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணில் பட்ட முதல் கைப்பிடிக் கூட்டத்தின் மேல் பாய்ந்து அதைக் கலைத்தான். திரும்பினால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. அவன் அலைந்த நேரத்தில் மற்றவர்கள் வைரஸ் நூலைச் சுற்றி மூடி இறுக்கிவிட்டார்கள். அது ஒரு இழைகூடப் பெருகவில்லை. மிச்சமிருந்தவர்கள் அவனையும் அமுக்கினார்கள்.

“என் தங்கச்சி வீட்டுல கேட்டதையே என் வீட்டுலயும் கேட்டியேடா,” என்றாள் சடைச்சி. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, சிரிப்போடு சேர்ந்து. செல் முழுக்க ஒரே கொண்டாட்டம்.

அன்று முதல்தான் உட்கருவுக்குள் காவலர்கள் புள்ளி புள்ளியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனையோ வைரஸ் புரதங்கள் உள்ளே வந்ததும் வராததுமாக அந்தப் புள்ளிகளைத்தான் தேடிப் போகின்றன, வாயைத் திறந்து கேட்காமலே தாங்கள் யாரென்று சொல்லிக்கொண்டு.