பிள்ளைக்கு முன் செதுக்கிய முளைக்குச்சி

முன்னொரு காலத்தில், வறண்ட மலைநாட்டில் ஆடு மேய்த்துத் திரிந்த ஒரு குலத்தாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்தால், ஆட்டு ரோமத்தில் நெய்த ஒரு பட்டையைக் கூடாரத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். அதை இழுத்துக் கட்டப் புதிதாக ஒரு முளைக்குச்சி அடிப்பார்கள். கூடாரத்தின் அகலத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்.

யாதோனின் கூடாரம் மட்டும் கல்யாணத்தன்று இருந்த அகலத்திலேயே இருந்தது. அவரும் மனைவி தீர்சாவும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்போது ஒருநாள் கடவுள் யாதோனிடம் பேசினார். எண்ணி முடிக்க ஆளில்லாத அளவுக்குச் சந்ததி தருவதாக வாக்குக் கொடுத்தார்.

மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றே வேலமரத்தில் ஒரு கிளையை வெட்டி முளைக்குச்சி செதுக்கிவிட்டார். பிள்ளைக்கு முன் குச்சி செதுக்குகிற பைத்தியக்காரன் உண்டா என்று குலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சொல்ல வேண்டியவர் சொல்லிட்டாரு. செதுக்க வேண்டியவன் செதுக்கிட்டேன்" என்றார் யாதோன்.

குச்சி தோல்பைக்குள் போனது. போனது போனதுதான். இருபது வருடம் அது மண்ணைத் தொடவில்லை.

ஒவ்வொரு முறை கூடாரம் இடம் மாறும்போதும் மற்ற குச்சிகள் மண் ஒட்டிய உடம்போடு பைக்குள் வந்து விழும். "இன்னும் புதுசாவே இருக்கியே! என்ன வைத்தியம் பண்றே?" என்று கேலி செய்யும்.

"என் நாள் வரும்" என்று வேலங்குச்சி சொல்லும். ஆனால் உள்ளுக்குள் அதற்கு அழுகையாக வரும். அடிபடாத முளைக்குச்சி வெறும் விறகுதானே.

மரச்சுத்தியலான கொட்டாப்புளிதான் கொஞ்சம் இரக்கமுள்ளது. "கவலைப்படாதே. வாக்குக் கொடுத்தவர் உன்னைவிடப் பொறுமைசாலி, அவ்வளவுதான்" என்றது.

ஒரு காலையில் மழை கொட்டி விறகெல்லாம் நனைந்துவிட்டது. பால் காய்ச்ச வழியில்லை. தீர்சா பையைக் கவிழ்த்தாள். காய்ந்து கிடந்தது வேலங்குச்சி ஒன்றுதான்.

"அதை எடுக்காதே தீர்சா" என்றார் யாதோன்.

"எனக்கு வயசு எண்பத்தி நாலுங்க. இன்னும் யாருக்காக வச்சிருக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவள் குச்சியை அடுப்பில் செருகினாள். குச்சியின் முனையைத் தீ பற்றியது.

"அய்யோ, நான் பிறந்தது இதுக்குத்தானா!" என்று குச்சி கதறியது. 

பால் பொங்கியது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் தீர்சா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஓங்கரித்தாள். யாதோன் தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடினார்.  பிறகு தீர்சா சிரிக்கிற சத்தம் கேட்டது. எண்பத்து நாலு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது.

"என்னங்க! குச்சி! ஓடிப்போய்க் குச்சியை எடுங்க!"

யாதோன் வெறுங்கையாலேயே அதைத் தீயிலிருந்து பிடுங்கினார்.

மாதங்கள் போயின. மகன் பிறந்தான். தீர்சா புதுப் பட்டையைத் தைத்து முடித்ததும் யாதோன் குச்சியைத் தரையில் நிறுத்தினார்.

"என் முனையைப் பாரு, கருகிப்போச்சு. இனி நான் எதுக்காவது ஆவேனா?" என்று குச்சி பயந்தது.

"அட அசடே! தீயில் வாட்டின முனை சீக்கிரம் உளுத்துப்போகாது. இந்தக் கூட்டத்துல ரொம்ப நாள் நிக்கப்போறது நீதான்" என்ற கொட்டாப்புளி, ஓங்கி அதன் தலையில் இறங்கியது.

இருபது வருடம் காத்திருந்து வாங்கிய அடி! ஒவ்வொரு அடிக்கும் குச்சி "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூவியது. கயிறு விறைத்தது, கூடாரம் ஒரு பட்டை அகலமானது.

யாதோன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேலமரத்து நிழலில் உட்காரப் போனார். பிள்ளையைத் தோளில் போட்டபடி தீர்சா வழிமறித்தாள்.

"எங்க உட்காரப் போறீங்க? கோடாலியை எடுங்க."

"ஒண்ணுதானே பிறந்திருக்கு?"

"அவர் ஒண்ணுன்னா சொன்னாரு?"

அன்று சாயங்காலம் அந்த வேலமரத்தில் நிழல் தர ஒரு கிளைகூட மிச்சமில்லை.