உப்புமலையின் தெற்கு வாசல்

மூன்றாம் பாகத்தில் செத்துப்போன குதிரை ஐந்தாம் பாகத்தில் கனைத்தது.

உமையாள் எழுதிய 'உப்புமலை ராஜ்யம்' என்ற மாயாஜால நாவல் வரிசையை ஊர் ஊராகப் படித்தார்கள். ஆனால் குதிரை கனைத்ததைக் கவனித்தவர் சவரிமுத்து ஒருவர்தான். பக்க எண்ணையும் குறிப்பிட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

நாலாம் நாள் பதில் வந்தது. "குதிரையின் ஆவி என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். உங்களிடம் அது எடுபடாது என்று தோன்றுகிறது. நேரில் வாருங்கள்."

சவரிமுத்து தேவகோட்டைக்கு பஸ் ஏறினார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. மாடிக் கதவைத் திறந்த எழுத்தாளருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்குக் கதை எழுதக் கத்துக்கொடுங்க டீச்சர்."

உமையாள் ஒரு நீள நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல என் கதையில யார் யாரை எங்கெங்க விட்டுட்டு வந்திருக்கேன்னு பாருங்க மாஸ்டர்."

அன்றிலிருந்து சீடர் குருவை டீச்சர் என்றார், குரு சீடரை மாஸ்டர் என்றார். கீழ்வீட்டுக்காரர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்பது கடைசிவரை விளங்கவில்லை.

மூன்று வருடம் ஓடியது. எட்டுப் பாகம் வெளிவந்துவிட்டது. ஒன்பதாவதுதான் கடைசி. சவரிமுத்து எட்டையும் முதலிலிருந்து இரண்டு தடவை படித்து, கதை எங்கெல்லாம் பாதியில் நிற்கிறதோ அதையெல்லாம் நோட்டில் ஏற்றியிருந்தார். மொத்தம் அறுபத்துமூன்று. ஏரியில் விழுந்த வாள். பிறந்த அன்றே இடம் மாறிய இரட்டையர். ஒரு சொல்லைப் பாதி சொல்லிவிட்டு மயங்கி விழுந்த குருட்டு ஜோசியர். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாகமும் பக்கமும் இருந்தன.

"எட்டு வருஷமா படிச்சவங்க சும்மா விடமாட்டாங்க டீச்சர்," என்றார் சவரிமுத்து. "இதுல எதை முடிக்கணும், எதை விடணும்? அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"எதையும் விட வேண்டாம். நோட்டை வச்சுட்டுப் போங்க."

சவரிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் பஸ் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

பத்து நாள் கழித்து அவரை வரச்சொல்லி, கடைசி அத்தியாயத்தை நீட்டினார் உமையாள். நாற்பது பக்கம்.

"சத்தமா படிங்க."

அரண்மனையில் முடிசூட்டு விருந்து நடக்கிறது. வாசலிலேயே இரட்டையர்கள் முட்டிக்கொண்டு, மச்சத்தைப் பார்த்து அடையாளம் கண்டு அழுகிறார்கள். அழுது முடிப்பதற்குள் ஜோசியர் வந்து மீதிப் பாதிச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காருகிறார். அவர் இலையில் விழுந்த மீனின் வயிற்றில் வாள் இருக்கிறது. வாளை உருவியவன்தான் தொலைந்துபோன தளபதி. தளபதியைப் பார்த்ததும் சமையல்காரி கரண்டியைப் போட்டுவிட்டு, "அப்பா," என்கிறாள்.

பதினாலாம் பக்கத்தில் சவரிமுத்துவின் குரல் தழைந்தது. இருபதாம் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். சாபத்தால் கல்லான மூன்று அமைச்சர்களும் ஒருவர் பின் ஒருவராக உயிர் பெற்று ரசம் கேட்டபோது அவரால் முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன மாஸ்டர்?"

"ஒரே பிளாட்பாரத்துல அறுபத்துமூணு வண்டி வந்து நின்ன மாதிரி இருக்கு டீச்சர்."

"எல்லாம் டயத்துக்கு வந்திருக்கே."

"வந்திருக்கு. ஆனா ஒருத்தரையும் நின்னு பார்க்கத் தோணல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது அவருடைய நோட்டு. அவர் கேட்டபடியே எழுதப்பட்ட அத்தியாயம். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, மேஜையில் வைத்தார். அச்சகத்துக்குக் கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது.

"என் புத்தி இவ்வளவுதான் டீச்சர். வேற யாரையாவது வச்சுக்கங்க."

உமையாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப நோட்டைப் பார்க்காம சொல்லுங்க. சவரம் பண்ணும்போது, பஸ்ஸுக்கு நிக்கும்போது, உப்புமலையில யார் நெனப்பு வருது உங்களுக்கு?"

சவரிமுத்து யோசித்தார். அறுபத்துமூன்றும் மனப்பாடமாக வரிசையில் வந்தன. ஆனால் அவை கேள்விக்குப் பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

"அந்தத் தெற்கு வாசல்காரன்," என்றார் கடைசியில்.

"யாரு?"

"ரெண்டாம் பாகம் டீச்சர். நீலவேணி கோட்டையை விட்டுத் தப்பிச்சு ஓடுறா. அப்ப அவ ராணியாகல, சின்னப்பொண்ணு. தெற்கு வாசல்ல ஒரு காவல்காரன் பெரிய கதவுல இருக்கிற சின்னத் திட்டிவாசலைத் திறந்துவிட்டு, தன் கஞ்சியில பாதியைக் குடுப்பான். 'திரும்பி வரும்போது இந்த வழியா வாம்மா, வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அதுவரைக்கும் நான் இதுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன்'னு சொல்லுவான். இவளும் சரின்னுட்டுப் போயிருவா."

உமையாள் எழுந்துபோய் இரண்டாம் பாகத்தை எடுத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இடம் கிடைக்கக் கொஞ்ச நேரமானது. மொத்தமே ஆறு வரி.

"நாலாம் பாகத்துல படையோட திரும்பி வர்றா," என்றார் உமையாள் மெதுவாக. "வடக்கு வாசல் வழியா."

"ஆமா டீச்சர்."

"நான் இவனைச் சுத்தமா மறந்துட்டேன் மாஸ்டர்."

"நானும் நோட்டுல எழுதல. அவனுக்குப் பேர் இல்ல. அவனால கதைக்கு ஆகவேண்டியதும் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எப்படி நெனப்பு வந்தது?"

சவரிமுத்து கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு டியூட்டி முடிஞ்சிரும். ஆனா நான் அனுப்பின வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தொட்டுடுச்சுன்னு தகவல் வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வராது. இந்த ஆள் எப்படி வீட்டுக்குப் போவான்னு அடிக்கடி நெனச்சுக்குவேன்."

உமையாள் நாற்பது பக்கத்தையும் எடுத்து அலமாரியின் அடித்தட்டில் தள்ளினார். வெள்ளைத் தாள் நாலைந்தை அவர் முன்னால் வைத்தார்.

"அந்த வாசல்ல எப்படி நிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே எழுதுங்க."

மூன்று வருடமாகக் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்துபோன மனிதர் அன்றுதான் முதல் வரி எழுதினார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மூன்று பக்கம் வந்தது. உமையாள் ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்.

ராணி நீலவேணி துணைக்கு ஆளில்லாமல் தெற்கு வாசலுக்கு நடந்து போகிறாள். காவல்காரனுக்குப் பார்வை மங்கிவிட்டது. யாரும்மா அது என்று கேட்கிறான். வந்துட்டேன் என்கிறாள். அவன் தலையாட்டிவிட்டு, திரும்பி, தாழ்ப்பாளைப் போடுகிறான். ஒன்பது பாகக் கதையும் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தோடு முடிகிறது. அறுபத்துமூன்றில் பன்னிரண்டு மட்டும் போகிற போக்கில் முடிந்திருந்தது.

தை மாதம் புத்தகம் வந்தது. தெற்கு வாசல் பகுதி யார் எழுதியது என்று உமையாள் முன்னுரையில் பெயரோடு சொல்லியிருந்தார். சவரிமுத்து அந்தப் பக்கத்தை எத்தனை பேரிடம் காட்டினார் என்பதை அவர் மனைவியைக் கேட்டால்தான் தெரியும்.

கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி டிரைவரின் மனைவி, கடைசிப் பக்கத்தைப் படித்த கையோடு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதாக எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை உமையாள் இரண்டு தடவை வாங்கிப் படித்தார்.

பதில் போடுகிற வேலை சவரிமுத்துவுடையது. வந்தவாசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவருடைய கடிதம் வந்தபோது அவர் பேனா நின்றுவிட்டது. முழு மூன்று பக்கம், அவ்வளவும் கோபம்.

"நியாயமாத்தான் கேக்குறாரு டீச்சர். ஆறாம் பாகத்துல ஒரு மருத்துவச்சி கப்பல் ஏறினாளே, அவ என்ன ஆனா, ஏன் அதைச் சொல்லாம புத்தகத்தை முடிச்சீங்கன்னு கேக்குறாரு. என்ன பதில் எழுதட்டும்?"

உமையாள் புதிதாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கரை சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்லியிருக்கோம்னு எழுதுங்க மாஸ்டர்."