யோகநேசன் சத்தம் போட்ட இடம்

ஊருக்குப் போய்விட்டு வந்த மறுவாரம் யோகநேசன் மடத்துக்கு வந்தார்.

ஊர் என்றால் இலங்கையில், மன்னார்ப் பக்கம் ஒரு கிராமம். சண்டைக் காலத்தில் அம்மாவின் மடியில் படகேறி இந்தக் கரைக்கு வந்தவர். அன்றிலிருந்து இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாமில்தான் வாழ்க்கை. பெயிண்ட் அடிப்பது தொழில். மடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தபோது மடத்தின் குரு சிவகாமவல்லி அம்மாள் பேசியதைக் கேட்டார். வேலை முடிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. குரு அவரைவிட வயதில் இளையவர்.

"அம்மா, எங்கை சீவிக்கிறது நல்லது? இந்தியாவோ, இலங்கையோ?"

"நீங்கதான் ரெண்டையும் பார்த்தவர். சொல்லுங்க."

"அங்கை வீட்டைச் சுத்தி வளவு பெரிசு. தென்னை நிக்குது, கிணறு இருக்கு. முற்றத்திலை கட்டில் போட்டுப் படுக்கலாம். இங்கை ஒரே அறைக்குள்ளைதான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். ஆனால் இங்கை பஸ் வாசலுக்கே வருது. மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலை. ரேஷன் அரிசி கிடைக்குது. அங்கை சாமான் விலை நெருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு பகல் போயிடும்." மூச்சு வாங்கினார். "இதை நினைச்சால் அது கூடுது. அதை நினைச்சால் இது கூடுது."

"இப்போ என்ன அவசரம்?"

"சித்தப்பா தன்ரை வீட்டை எங்களுக்குத் தாறன் எண்டுறார். மழைக்கு முந்திப் பதில் சொல்ல வேணும். இல்லாட்டில் வேறை ஆளுக்குக் குடுத்திடுவார்."

குரு ஒரு தூணைக் கைகாட்டினார்.

"எழுந்து அந்தத் தூண் பக்கம் உட்காருங்க."

யோகநேசன் எழுந்து போய் உட்கார்ந்தார்.

"அங்கே வேண்டாம். வாசற்படிக்குப் போங்க."

"சரி அம்மா."

"படியும் வேண்டாம். வெளியே போய் உட்காருங்க."

வெளியே நல்ல வெயில். மணல் கொதித்தது. யோகநேசன் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குருவும் வெளியே வந்து அவர் எதிரில் மணலில் அமர்ந்தார்.

"ஏன்னு கேட்கலையே?"

"நீங்கள் சொன்னால் ஏதும் காரணம் இருக்கும்."

"வேற யாராவது சொல்லியிருந்தா?"

"எழும்பித்தான் இருப்பன்."

"ரேஷன் கடை வரிசையில ஒருத்தர் உங்களுக்கு முன்னால புகுந்தா?"

"விட்டிடுவன் அம்மா. வந்த இடத்திலை என்னத்துக்குச் சண்டை?"

"வந்து எவ்வளவு காலம் ஆச்சு?"

யோகநேசன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டார்.

"அங்கே யாரோடாவது கோபப்பட்டீங்களா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒருக்கா நடந்துபோச்சு. சித்தப்பாவுக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரி வரிசையிலை நிண்டன். ஒராள் நேரை முன்னுக்குப் போய் நிண்டார். 'அண்ணை, நாங்கள் என்ன மரமோ? பின்னுக்குப் போங்கோ!' எண்டு கத்திப்போட்டன். எல்லாரும் திரும்பிப் பாத்தினம்."

"அப்புறம்?"

"அந்தாள் பின்னுக்குப் போச்சுது. போகேக்கை நிண்டு, 'நீர் ஆரின்ரை மகன்?' எண்டு கேட்டுது. அப்பாவின்ரை பேரைச் சொன்னன். 'அதுதானே பாத்தன், அதே தொண்டை' எண்டுது."

யோகநேசன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அப்பிடியொரு தொண்டை இருக்கெண்டு அண்டைக்குத்தான் அம்மா தெரியும்."

பிறகு சட்டென்று எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. "விளங்கீட்டுது. நான் போகத்தான் வேணும்."

"உங்க மனைவி எங்கே சத்தம் போடுவாங்க?"

யோகநேசனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவி நிரோஜினி முகாமிலேயே பிறந்தவள். "அவளோ? இண்டைக்குக் காலமையும் குழாயடியிலை ஒரு பாட்டம் நடந்தது. இங்கை ஆருக்கும் அவள் பயமில்லை. அதிகாரி வந்தாலும்…"

பேச்சு நின்றது. சிரிப்பும் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"மகள்?"

"தர்சிகா நல்ல பிள்ளை அம்மா. சத்தமே கேக்காது."

"எந்த நாடு வேணும்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

"போய்க் கேளுங்க. வாய் திறக்கிற வரைக்கும் கேளுங்க."

மறுநாள் காலையிலேயே யோகநேசன் வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"கேட்டன் அம்மா. முதல்லை ஒண்டுமில்லை எண்டாள். திரும்பத் திரும்பக் கேட்டன். பிறகு ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கோ, பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்திட்டுது."

"என்ன சொன்னா?"

அவர் மகளின் பேச்சை அப்படியே சொன்னார். மகளுக்கு இந்த ஊர்த் தமிழ்தான். "'நான் அங்க போய் எந்தக் கிளாஸ்ல உட்காருவேன்னு யாராவது யோசிச்சீங்களா? இங்கயே இருந்தா படிச்சு முடிச்சு எனக்கு என்ன வேலை கிடைக்கும்னாவது யோசிச்சீங்களா? நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குப் பிடிச்ச ஊரைப் பத்தியே பேசுறீங்க.' சொல்லிப்போட்டு வெளியிலை போய்க் கதவை அடிச்சுச் சாத்தினாள். நிரோஜினியே வாயடைச்சுப்போய் நிண்டாள்."

"எந்த நாடுன்னு சொன்னாளா?"

"இல்லை அம்மா." யோகநேசன் கையைப் பிசைந்தார். "சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றார் குரு. "உங்க வீட்டில நேத்துதான் மூணு பேர் ஆகியிருக்கீங்க."