வில்மா ஹாரிங் மறுக்கவில்லை

வில்மா ஹாரிங் எதையும் மறுக்கவில்லை. மறுத்தார் என்று எழுதிவிட்டார்கள்.

எழுபத்தோரு வயது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். பக்கவாதம் வந்து படுத்தவர். தலை சீவ முடிகிறதா, படி ஏற முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா என்று நாற்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் காட்டி ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண், போட வேண்டும். ‘இயலவில்லை’ என்பதற்கு ஒரு கோடு. ‘மறுத்தார்’ என்பதற்கு வேறொன்று.

போட்டது ‘மறுத்தார்’.

ஒத்துழைக்காதவருக்கு பிசியோதெரபி எதற்கு என்று இன்சூரன்ஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மகள் அப்பீல் எழுதியிருந்தாள். நான்கு மாதமாக அம்மாவுக்குப் பேச்சே இல்லை, எதைச் சொல்லி மறுத்தாள் என்று கேட்டிருந்தாள். இன்று மாலைக்குள் கோடு மாறாவிட்டால் அப்பீல் செல்லாது.

அந்தக் கோடு போடப்பட்ட இடம் திருச்சி. ஒரு மெடிக்கல் கோடிங் அலுவலகத்தின் மூன்றாவது மாடி. போட்டவர் சலோமி மேடம். அவர் கையெழுத்து இல்லாமல் அதை மாற்றவும் முடியாது.

சலோமி மேடம்தான் அங்கே எல்லாருக்கும் கோடிங் சொல்லிக்கொடுத்தவர்.

அவரிடம் கற்று, இப்போது இந்த அப்பீலைச் சரிபார்க்கும் செம்மலருக்கு அதுதான் தாங்கவில்லை.

“பார்த்தியா ஹமீதா? நர்ஸ் எழுதினது இவ்வளவுதான். ‘மூன்று முறை கேட்டேன். பதில் இல்லை.’ இதுல மறுத்தார் எங்க இருக்கு?”

பக்கத்து சீட் ஹமீதா எட்டிப் பார்த்தாள். “இல்லைதான்.”

“அப்புறம் எங்கிருந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?”

“நீ கோடிங் பண்ண வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?”

“ரெண்டும்தான்.”

“மேடம் இன்னிக்கு லீவுடி. வாதாட ஆளில்லை.”

அப்போது கதவு திறந்தது. சலோமி உள்ளே வந்தார். முகத்தில் மாஸ்க். கையில் மடித்த கைக்குட்டை.

யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நேரே தன் இடத்துக்குப் போய், கம்ப்யூட்டரில் வில்மா ஹாரிங்கின் ஃபைலைத் திறந்தார்.

“லீவு போட்டவங்க எதுக்கு வராங்க?” என்றாள் செம்மலர்.

“வேலை இருக்கும்.”

“அழிக்கிற வேலை.”

“சும்மா இருடி.”

செம்மலருக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. எழுந்து போய் மேசைக்கு எதிரே நின்றாள்.

“மேடம், ஒரு கேள்வி. ஆளைப் பார்க்காம, பேச்சைக் கேட்காம, எப்படி மறுத்தார்னு போட்டீங்க?”

சலோமி நிமிர்ந்தார். பதில் இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

பன்னிரண்டாக ஐந்து நிமிடம்.

“நேரமில்லைன்னு காட்டுறீங்களா? அந்த அம்மாவுக்கும் நேரமில்லைதான் மேடம். சாயங்காலத்தோட முடியுது.”

சலோமி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. கண்களை வைத்து ஒரு ஆளை நம்பிவிட முடியுமா?

ஹமீதா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். சலோமி அதைத் தள்ளி வைத்தார்.

“டீ குடிச்சா மாஸ்க்கைக் கழட்டணும். மாஸ்க்கைக் கழட்டினா முகம் தெரிஞ்சிரும்” என்றாள் செம்மலர்.

“வாயை மூடுடி” என்று ஹமீதா அவள் கையைக் கிள்ளினாள்.

“நான் எதுக்கு மூடணும்? திறக்க வேண்டியவங்க திறக்கட்டும்.”

அவள் மறுபடி கேட்டாள். இந்த முறை கொஞ்சம் சத்தமாக. நாலு சீட் தள்ளி இருந்தவர்களும் திரும்பினார்கள்.

“எப்படி மேடம் மறுத்தார்னு போட்டீங்க? நர்ஸ் எழுதின சார்ட்டுல இல்லாததை எழுதாதேன்னு முதல் நாள் எங்களுக்குச் சொன்னது நீங்கதானே? அது எங்களுக்கு மட்டுமா?”

சலோமி ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். குனிந்து வேகமாக எழுதினார். எழுதியதை அவள் பக்கம் நகர்த்தினார்.

செம்மலர் படிக்கவில்லை. தாளை அப்படியே குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

“எழுத்து வேணாம் மேடம். எழுதி மழுப்புறதுல நீங்க கெட்டிக்காரி. வாயால சொல்லுங்க. எப்படிப் போட்டீங்க?”

மூன்றாவது முறை.

சலோமி கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டார். மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

செம்மலர் தன் இடத்துக்குத் திரும்பினாள். கவிழ்த்த தாளையும் எடுத்துக்கொண்டாள், ஆதாரமாக இருக்கட்டும் என்று. மேனேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள்.

எழுதினாள், அழித்தாள். காரமாக இருந்ததைக் குறைத்தாள். குறைத்தது பயந்த மாதிரி இருந்தது, திரும்பக் கூட்டினாள். கடைசியில் வாதமெல்லாம் போய், நடந்தது மட்டும் நின்றது.

‘மூன்று முறை கேட்டேன். சலோமி மேடம் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.’

இதில் யார் குறை சொல்ல முடியும்? அனுப்பினாள்.

மணி பன்னிரண்டரை.

சலோமி எழுந்தார். மாஸ்க்கைக் கழற்றினார். இடது கன்னம் வீங்கியிருந்தது. வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, சிவந்துபோன பஞ்சு ஒன்றை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“ஐயோ, பல்லு பிடுங்கியிருக்காங்கடி” என்றாள் ஹமீதா. “ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதும்பாங்க.”

செம்மலர் கவிழ்த்த தாளைத் திருப்பினாள்.

‘நான் போட்டது தப்பு. இயலவில்லை என்று மாற்றி எடுத்து வா. கையெழுத்துப் போடத்தான் வந்தேன்.’

இரண்டு முறை படித்தாள்.

‘மறுத்தார்’ கோட்டை ‘இயலவில்லை’ என்று மாற்றினாள். சலோமி கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடத்தில் திருத்தம் போய்ச் சேர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தப்பு என்று ஒத்துக்கொள்வது வேறு, அது எப்படி நடந்தது என்று சொல்வது வேறு. நல்லவர்போல எழுதிக்கொடுத்துவிட்டு நழுவிய எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

“மேடம்.”

சலோமி நின்றார்.

“பல்லு விஷயம் எனக்குத் தெரியாது. அதுக்கு ஸாரி. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. ஆளைப் பார்க்காம, எப்படி மறுத்தார்னு போட்டீங்க?”

சலோமி மேசையைச் சுற்றி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் அனுப்பிய மெயில் இன்னும் திறந்தே இருந்தது.

அதன் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

“இப்படித்தான்.”