கியூசோ செதுக்காத முகம்

அந்தக் காலத்து ஜப்பானில், எடோ நகரில் கியூசோ என்றொருவன் இருந்தான். மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சிடுவது அவன் தொழில். பாலூட்டும் அம்மா, குளிப்பாட்டும் அம்மா, கொசுவலைக்குள் பிள்ளையைத் தூங்க வைக்கும் அம்மா என்று அவன் செதுக்கிய படங்கள் சந்தையில் சுடச்சுட விற்றன. தன்னைப் பெற்றவளைச் செதுக்க உட்கார்ந்தபோதுதான் அவனுக்குக் கை ஓடவில்லை.

அவன் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருகிற நினைவு நாளுக்குள் அவள் படத்தை அச்சிட்டு, அதன் முன் விழுந்து கும்பிட ஆசைப்பட்டான். எப்படி வரைந்தாலும் சந்தையில் விற்ற அழகிகளில் ஒருத்திதான் வந்து உட்கார்ந்தாள். அம்மா முகத்தையே மறந்தவன் ஒரு பிள்ளையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

குரு ரியோசாயிடம் போய்ச் சொன்னான். குருவுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். கால் சுளுக்கிப் படுத்திருந்தவர், காகிதக் கடைக்குப் போக வேண்டும், தூக்கிக்கொண்டு போ என்றார்.

குரு எடையில் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரிசிக் கொழுக்கட்டை என்றால் உயிரை விடுவார். கியூசோ அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, பனி கரைந்த சேற்றில் தள்ளாடி நடந்தான்.

பாதி வழியில் குரு கேட்டார்: "கியூசோ, நீ இப்போது சிரிக்கிறாயா, முகத்தைச் சுளிக்கிறாயா?"

"உங்களுக்குத் தெரியவில்லையா, குருவே?"

"எங்கே தெரிகிறது? உன் பிடரிதான் தெரிகிறது. வியர்த்திருக்கிறது."

கியூசோ அப்படியே நின்றுவிட்டான்.

சின்ன வயதில், சொந்த ஊரில் ஒரு பனிக்காலம். அம்மா அவனை முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறாள். கண்ணெதிரே வெள்ளைப் பிடரி, கொண்டையிலிருந்து நழுவிய நாலைந்து முடி, இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அந்த மச்சத்தில் மூக்கை உரசிக்கொண்டே அவன் தூங்கிப்போவான். அந்தக் கதகதப்புகூட இப்போது மூக்கு நுனியில் இருந்தது. குருவைச் சுமந்தபடியே அழுதான்.

நினைவு நாளன்று படத்தைக் குருவின் முன் வைத்தான். பனியில் குனிந்து நடக்கும் ஒருத்தி, முதுகில் பிள்ளை, இருவரும் பின்னாலிருந்து தெரிந்தார்கள். பிடரியில் அவன் வண்ணம் எதுவும் ஏற்றவில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தான்.

குரு படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார்.

"பார்க்கிறவர்கள் கேட்பார்களே, குருவே. அம்மா ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று."

"பிள்ளையைச் சுமந்துகொண்டு போகிறாள்," என்றார் குரு. "வழியைப் பார்க்க வேண்டாமா?"